ஓரத்தில் கனம் பார்த்த டிஸ்க்

ஷூ தோல் தொழிற்சாலையில் கனம் பார்க்கிற வேலையிலேயே என் வயசு போயிற்று. மெஷினில் சீவி வருகிற தோலை ஓரத்தில் பிடித்து, கேஜ் வைத்து அளந்து அடுக்க வேண்டும். எனக்குக் கேஜ் வேண்டியதில்லை, இரண்டு விரல் போதும் என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். எண் மட்டும் தடங்கலில்லாமல் வரும்.

என் மருமகள் ஏலகிரி மலைமேல் டீச்சர். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் விட்டுப்போன காரை வாணியம்பாடியிலிருந்து அவளே தினமும் ஓட்டிக்கொண்டு போய் வருகிறாள். கொஞ்ச நாளாக வண்டி நிற்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். தொட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை என்பதால் நானும் போனேன்.

பாய் சக்கரத்தைக் கழற்றினார். "பேடு தேஞ்சு இரும்பு வந்துட்ச்சும்மா. அந்த இரும்பு டிஸ்க்கையும் அறுத்திருக்குது. பேடு, டிஸ்க் ரெண்டுமே புதுசு போட்றலாம்."

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. இரண்டு பக்கமும் பேடு என்கிற பிரேக் கட்டை அதைக் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். நான் குனிந்து தட்டின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தேன். நல்ல கனம்.

"இவ்ளோ கனம் இருக்குது. இதைத் தூக்கிப் போடச் சொல்றியே பாய்?"

"அளந்து காட்டவாம்மா?"

"என் விரலுக்கு நீ அளந்து காட்டப் போறியா? பேடு மட்டும் போடு."

"டவுனுக்குள்ள ஓட்றதுன்னா போடுவேன். இவங்க மலை எறங்கறவங்க. தேஞ்ச டிஸ்க் அந்தச் சூட்டைத் தாங்காது."

மருமகள் மெல்ல, "அத்தை, அவர் சொல்றதைக் கேப்போமே" என்றாள்.

"அப்போ நான் சொல்றது இன்னா?" என்றேன். "சரி பாய், பேடு மட்டும் போடுங்க" என்றாள் அவள். பாய் பேடு மட்டும் மாட்டினார். மாட்டி முடிக்கும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நானும் காரில் ஏறி உட்கார்ந்தேன். என் பேச்சை நம்பி அவள் மலைக்கு ஓட்டுகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறுகிற வண்டிக்குப் பிரேக் எதற்கு?

பள்ளி விட்டு இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. முதலில் என் காலடியில் ஒரு நடுக்கம். அவள் பிரேக்கை அழுத்தும்போது வந்தது, விட்டால் நின்றது. இன்னும் சில வளைவு இறங்கியதும் காந்தல் வாடை. வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைக்கப் பார்த்தேன். வாடை எங்களோடேயே இறங்கி வந்தது.

"அத்தை, அமுத்தறேன், கேக்க மாட்டேங்குது."

"நல்லா அமுத்து."

"அமுத்திக்கினுதான் இருக்கறேன்."

எதிரே வளைவு. அந்தப் பக்கம் தடுப்புக் கல், அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அவள் கியரைக் குறைத்தாள், வண்டி உறுமியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். நான் சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்தேன். வண்டி மலைச்சுவர்ப் பக்கமாகப் போய், ஆழமில்லாத ஓரக் கால்வாயில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. பஸ் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று.

முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். பிறகு நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். சக்கரத்தின் சந்துக்குள் விரலை விட்டு டிஸ்க்கைத் தடவினேன். ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு. அதைத் தாண்டியதும் விரல் பள்ளத்தில் இறங்கியது. பேடு கவ்வுகிற நடுப்பகுதி முழுக்கத் தேய்ந்திருந்தது. பேடு படாத ஓரம் மட்டும் பழைய கனத்தோடு நின்றிருந்தது. தோலில் ஓரம்தான் மெலிசு. ஓரத்தில் கனம் இருந்தால் நடுவில் அதைவிடக் கூடத்தான் இருக்கும். அப்படிப் பார்த்துப் பழகிய விரல் இது.

"ஆறிட்ச்சே அத்தை. மெதுவா எடுக்கட்டுமா?"

"எடுக்காதே. பாய்க்குப் போன் போட்டு ரெண்டு பக்கத்து டிஸ்க்கும் இங்கேயே கொண்டாரச் சொல்லு."

"நடு ரோட்லயா? கீழ போய்ப் போட்டுக்கலாமே."

"இந்த டிஸ்க்கோட நீ ஒரு வளைவுகூட எறங்கக் கூடாது."

வெயில் சாயும்போது பாய் பைக்கில் வந்தார். பேடைக் கழற்றிப் பார்த்து, இதுவும் வெந்து போய்விட்டது என்று தள்ளிவைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, விரல் இன்னா சொல்லுது?"

"அளக்கிற சாமான் கொண்டாந்தியா?"

சிரிக்காமல் எடுத்தார். பழைய டிஸ்க்கின் நடுவில் வைத்து அளந்து என்னிடம் நீட்டினார். எண்ணைப் படித்தேன். இதற்குக் கீழே தேயக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருந்த எண்ணைத் துருவைத் துடைத்துக் காட்டினார். அதையும் படித்தேன். எங்கள் டிஸ்க் அதற்கும் கீழே போயிருந்தது. புதுசையும் அளக்கச் சொன்னேன். நடுவிலும் அளந்தார், ஓரத்திலும் அளந்தார். ஒரே எண்.

"இதை மாட்டு" என்றேன்.

புது டிஸ்க்கில் பூசியிருந்த எண்ணெயைப் பாய் துணியால் சுத்தமாகத் துடைத்தார். கூடவே கொண்டுவந்த புது பேடையும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "புது பேடும்மா, டக்குனு அமுத்தாதீங்க. கியர்லயே எறங்குங்க, நான் பின்னாலயே வர்றேன்" என்று மருமகளிடம் சொன்னார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க வேணும்னா பாய் பைக்ல வர்றீங்களா?"

"போடி" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் வளைவு வந்தது. அவள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுத்தினாள். நடுக்கமில்லை. வண்டி அடங்கித் திரும்பியது.

"கேக்குது அத்தை."

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.