மூன்று மணியை எடுத்துக்கொண்டவர்

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்த்தரை நம்புகிறேன், அது வேறு. ஆனால் எங்கள் சபையில் யாராவது எழுந்து, அறையில் திடீரென்று வெளிச்சம் வந்தது, யாரோ தோளைத் தொட்டார்கள் என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தால், நான் கைப்பைக்குள் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவேன். பஸ் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு ஷிப்ட் போடுவது என் வேலை. எந்த வண்டியை யார் எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்று தாளில் இருந்தால்தான் வண்டி நகரும், தாளில் இல்லாத ஆள் வந்து ஓட்ட முடியாது. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே யோசித்துப் பழகியவள் நான். நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் கணவர் சாமுவேல் துவாஸில் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். வாய் ஓயாத மனிதர். லிஃப்டில் ஏறினால் எட்டாவது மாடி வருவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு அக்டோபர் மாதம் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. சொல்வது புரியும், பதில் வராது. சுவா சூ காங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறை சின்னது என்பதால் கட்டிலை ஹாலிலேயே, காரிடார் ஜன்னலுக்கு நேராகப் போட்டோம். நான் பாதி நாள் வேலைக்கு மாறிக்கொண்டேன். நாள் முழுவதும் வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும், எனக்கே என் குரல் சலித்துவிட்டது.

சபையில் அவருக்காக ஜெபச் சங்கிலி தொடங்கினார்கள். சனிக்கிழமைதோறும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை உபவாசம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில் இருந்தபடியே. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு போன் போட்டு, "என் மணி முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். அவர், "நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான், நலம் விசாரிப்பெல்லாம் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். இல்லாவிட்டால் எனக்கு அடுத்த மணிக்காரரான பாக்கியம் ஆன்ட்டி அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். பட்டியல் போடுவதும் நான்தான், வேறு யார். மதியம் இரண்டு மணி இம்மானுவேல் தம்பிக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து துவாஸில் தொழிலாளர் தங்கும் விடுதியில் இருக்கிறவர், அறையில் சத்தம் என்பதால் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபிப்பார். மூன்று மணி எனக்கு. நான்கு மணி ஆன்ட்டிக்கு. என் மணிக்கு மட்டும் கைபேசி வேண்டாம், அதில் டிப்போ ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று வீட்டு போன் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

நான் ஜெபித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கர்த்தருக்கே தேதி போட்டுக் கொடுத்தேன். கிறிஸ்மஸுக்குள் இவர் பேச வேண்டும். அது போனது, புது வருஷம் என்றேன். பிறகு ஈஸ்டர். டிப்போவில் தேதி போடாத வேலை நடக்காது, எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை. எங்கள் போதகர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சிஸ்டர், ஜெபம்னா ஃபார்ம் நிரப்பிக் குடுத்துட்டு நம்ம நம்பர் எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கறது இல்ல. கேட்டதுக்கு அப்புறம் அவரோட சும்மா உக்காந்திருக்கறதும் ஜெபம்தான்." நான் ஆமென் என்று சொன்னேன். பேசாத மனுஷனோடு நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் தம்பி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டரும் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் மிகவும் மரியாதையாக, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார். மறுநாள் சனிக்கிழமை மதியம் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். வாயோரம் வழிந்தது, துடைத்தேன், திரும்ப வழிந்தது. அவர் என்னைப் பார்த்தபடி அழுதார், சத்தம்கூட வராத அழுகை. எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. "போதும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை, யாரிடம் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் தூங்கியதும் பச்சைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாவி ஒன்று எப்போதும் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் இருக்கும். "மூணு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கக்கா" என்றேன். "நீ போய்ட்டு வா லா, நான் பாத்துக்கறேன்" என்றார். கைபேசியை அணைத்துவிட்டேன். இம்மானுவேலுக்கும் சொல்லவில்லை, ஆன்ட்டிக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராத ஓட்டுநர்களை நான் திட்டிய திட்டு டிப்போவில் பிரசித்தம். அன்றைக்கு அதையே நான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன்.

எல்ஆர்டி ரயில் பிடித்து, புக்கிட் பாஞ்சாங்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். தேக்கா உணவு நிலையத்தில் ஒரு தே தாரிக் டீயும் இரண்டு வடையும் வாங்கி, உபவாச நாளில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே கடைச் சுவரில் கடிகாரம். மூன்று அடித்தது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை, மனசாட்சி குத்தக்கூட இல்லை. பக்கத்து மேசையில் ஒரு கணவனும் மனைவியும் சட்னி தண்ணீராக இருக்கிறது என்று ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த மனைவி மேல் அவ்வளவு பொறாமையாக இருந்தது. நாலேகால் வரை அங்கேயே இருந்தேன்.

வீட்டுக்கு வர ஐந்தரை ஆகிவிட்டது. கிரில் கேட் நான் பூட்டியபடியே இருந்தது. அவர் விழித்திருந்தார், முகம் என்றைக்கும் இல்லாத அமைதியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று அவரைப் பார்த்துப் போட்டிருந்தது. அக்கா வந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து, நன்றி சொல்லப் போனேன்.

"நான் எங்க உள்ள வந்தேன்?" என்றார் அக்கா. "மூணு மணிக்கு வந்து ஜன்னல் வழியா பாத்தேன், நீதான் திரும்பி வந்துட்டியே. அவர் கையப் புடிச்சிட்டு துவா கேட்டுட்டு இருந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு போய்ட்டேன்."

"அக்கா, நான் இப்பதான் வர்றேன். முகத்தப் பாத்தீங்களா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. உன் நீலக் கவுன், கொண்டை. வெளிச்சத்துல தலை கொஞ்சம் வெள்ளையாத் தெரிஞ்சுது. என்ன லா, என்னை ஏன் அப்படிப் பாக்கறே?"

நீலக் கவுனை அன்று காலைதான் துவைத்துச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கழியில் போட்டிருந்தேன். போய்த் தொட்டுப் பார்த்தேன், ஓரத்தில் ஈரம்கூடக் காயவில்லை. அக்காவுக்கு அறுபத்தைந்து வயது, கண்ணில் புரை, தூங்கி எழுந்து எதையோ பார்த்திருப்பார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு, சங்கிலியை அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்க பாக்கியம் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன்.

"எதுக்கு சாரி?" என்றார். "கரெக்டா நாலு மணிக்குக் கூப்டியே. என் மணி முடிஞ்சதுன்னே, நான் எடுத்துக்கிறேன்னேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், ஏன் என்று சொல்லாமல் இரண்டு பேர் கைபேசியையும் வாங்கிப் பார்த்தேன். இம்மானுவேல் மூன்று மணிக்கு என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், யாரோ எடுத்திருக்கிறார்கள், பதினோரு விநாடி. "நீங்கதானக்கா எடுத்தீங்க, நான் எடுத்துக்கிறேன்னு சொன்னீங்களே" என்றார் அவர். ஆன்ட்டியின் கைபேசியில் நான்கு மணிக்கு வந்த அழைப்பு, என் வீட்டு நம்பர். அந்த போன் டிவிக்குப் பக்கத்தில், கட்டிலிலிருந்து ஐந்தடி தள்ளி இருக்கிறது. இவரால் அப்போது கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியாது.

யாரிடமும் சொல்லவில்லை. போதகரிடம் சொன்னால் சந்தோஷப்பட்டு அடுத்த ஞாயிறே என்னை மேடையேற்றிவிடுவார். அதைவிட, சொல்வதானால் நான் எங்கே போயிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், முக்கியமாக இவரிடம். விட்டுவிட்டுப் போனேன் என்று எந்த முகத்தோடு சொல்வது. நாற்காலியை எடுத்து மேசைக்கே போட்டுவிட்டேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமை போன் அடித்ததும் நானே ஓடிப்போய் எடுத்தேன். பயத்தில்தான், பக்தியில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு தடவை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்ற பயம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி எதுவும் சொல்ல வாய் வரவில்லை. அப்பா, இவரைப் பாரும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மிச்ச நேரம் சும்மா இருந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். எப்போது பயம் போய் அந்த ஒரு மணி நேரம் எனக்கே வேண்டியதாக ஆனது என்று தெரியவில்லை. வாரம் முழுக்க அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பேச்சு உடனே வரவில்லை, அற்புதம் என்று எழுதிவிடாதீர்கள். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கஞ்சியை விழுங்கிவிட்டு, "உப்பு" என்றார். ஏழு மாதமும் நாலு மாதமும் காத்திருந்து கேட்ட முதல் வார்த்தை, என் சமையலில் குற்றம். நான் அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், பிறகு உப்பு எடுத்துக்கொண்டு போனேன். அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று வார்த்தைகள், பிறகு துண்டு துண்டாக வாக்கியங்கள்.

போன வருடம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தது. ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, எனக்கு ஒன்றும் இல்லை, இவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். எல்லோரும் போனபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சக்கர நாற்காலியில் சமையலறை வாசல் வரை வந்து நின்றார்.

"உனக்குன்னு... ஏன் கேக்கல?" என்றார்.

"எனக்கு என்னங்க வேணும்?"

"அன்னைக்கு... கேட்டியே. சனிக்கிழமை. கஞ்சி... வழிஞ்சுதே, அன்னைக்கு. நாற்காலி போட்டு."

கையில் இருந்த கோப்பையை மெதுவாக வைத்தேன். அந்த நாளைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நான் என்ன கேட்டேன்?" என்றேன்.

"என்னப் பத்தி... ஒண்ணுமில்ல. முழுக்க உன்னப் பத்தி. ஸ்டெல்லா களைச்சுட்டா. கோவத்துல... போயிருக்கா. ஸ்டெல்லாவ விட்டுறாதீங்க. உன் பேர... நீயே சொல்லி. எனக்குச் சிரிப்பு. சிரிக்க... முடியல அப்போ."

கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "என் முகந்தானாங்க அது? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். இப்போதெல்லாம் அவர் யோசிக்கும்போது நான் அவசரப்படுத்துவதில்லை.

"உன் முகந்தான்" என்றார். "ஆனா... வயசாயிருந்துச்சு. தலை... முழுக்க வெள்ளை. கேக்கணும்னு நெனச்சேன். ஒரே நாள்ல... எப்படி நரைச்சுதுன்னு."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணிக்கு இன்றைக்கும் இம்மானுவேல் கூப்பிடுகிறார், நான் எடுத்துக்கிறேன் என்கிறேன், உட்காருகிறேன். ஒரு மணி முடிவதற்கு முன்னால், தேக்காவில் வடைத் தட்டுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்திவிட்டேன், காதோரம் நன்றாக வெளுத்துவிட்டது, உச்சியில் இன்னும் கறுப்பு இருக்கிறது. நீலக் கவுன் தோள்பட்டையில் கிழிந்து இரண்டு தடவை தைத்தாகிவிட்டது, தூக்கிப் போடச் சொல்லி நூர்ஜஹான் அக்கா திட்டுகிறார். நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.