வேம்புலியின் வலது கை

செம்பரம்பாக்கம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, டன் கணக்கில் சரக்கு தூக்கியவன் நான். பெயர் வேம்புலி. பக்கவாதம் வந்த பிறகு ஒரு காலி டம்ளரைத் தூக்கக்கூட என் வலது கையால் முடியவில்லை. கால் சீக்கிரமே தேறிவிட்டது. கை மட்டும் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி மடியிலேயே அடக்கமாகக் கிடந்தது.

பூந்தமல்லியில் பிசியோதெரபி பார்க்கும் கலைவாணி, விரல்கள் லேசாக அசைவதைக் கண்டதும் என் நல்ல கைக்கு, அதாவது இடது கைக்கு, தடித்த கையுறை ஒன்றை மாட்டிக் கட்டிவிட்டாள்.

"எல்லாத்தையும் இதுவே செஞ்சுட்டா அந்தக் கை எப்போ அங்கிள் வேலை கத்துக்கும்? வீட்ல மேசை துடைங்க, பட்டாணி உரிங்க."

"ஆம்பளைக்கு வேற எக்சர்சைஸ் இல்லியாம்மா?"

"இருக்கே. துணி காயப்போடலாம்."

பாரிவாக்கம் வீட்டில் என் மனைவி பார்வதம் இதை வரமாகவே எடுத்துக்கொண்டாள். துடைத்த மேசையையே மறுபடி துடைக்கச் சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அசையாத கை. இப்பத்தான் அசையுது. நல்லா துடை!"

நான் லேசுப்பட்டவனா? அவள் மாடிக்குப் போனதும் கையுறையைப் பல்லால் கழற்றி, இடது கையாலேயே பட்டாணியை உரித்து வைத்துவிடுவேன். ஆனால் கலைவாணி முன்னால், கொஞ்சமும் தேறாத வலது கை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"யாரை அங்கிள் ஏமாத்துறீங்க?" என்றாள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் இடது கைதான் வந்தது.

அதற்குப் பிறகு கையுறையைக் கழற்றவில்லை. மாதங்கள் போயின. ஒரு மாலை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது கன்னத்தில் கொசு கடித்தது. அது வயிறு நிறையக் குடித்துப் பறந்துபோன பிறகு, சொத்தென்று ஓர் அடி விழுந்தது. அடித்தது வலது கை!

"செத்துச்சா?" என்றாள் அடுப்படியிலிருந்து பார்வதம்.

"கொசு பூடுச்சு. கை வந்துட்ச்சி!"

ஓடி வந்தாள். "எங்க, இன்னொரு வாட்டி அடி." என்னை நானே அறைந்து காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஓங்கி" என்றாள்.

இப்போது வலது கையாலேயே சாப்பிடுகிறேன். ரசம்சோற்றில் பாதி சட்டைக்குப் போகிறது. ஃபோர்க்லிஃப்ட்டை வேறொருவன் ஓட்டுகிறான். கிடங்கில் எனக்கு வாசல்கேட் வேலை. நேற்று வேலைக்குப் போக, பேருந்தை நிறுத்தக் கையைத் தூக்கினேன். அது தோள்வரை ஏறி, அங்கேயே நின்று ஆடியது. வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்த ஓட்டுநர், சிரித்துக்கொண்டே பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.