நான் கேட்காமல் நிரப்பிய பக்கம்

டொக்டர் பேரின்பம் இறந்த செய்தி வந்தபோது தாதியான நான் வார்டில் ஒருவருடைய முதுகுக் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் சாரதி வாசலில் நின்று, "மிஸி, டொக்டர் போயிற்றாராம். குவாட்டர்ஸில கதிரையில இருந்தபடியே, நெஞ்சு நோவாம்" என்றார். எந்த டொக்டர் என்று கேட்டேன். எங்கள் வார்டில் இருந்ததே ஒரு டொக்டர்தான். அந்தக் கட்டை முடித்தேனா, பாதியில் விட்டேனா என்பது இப்போதும் நினைவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த முள்ளந்தண்டுக் கொப்பியைத் தெரியும். முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்று மாதத்தில் எப்படி, ஒரு வருடத்தில் எப்படி என்று அதில் எழுதி வந்தார். சண்டைக்குள் இது என்ன ஆராய்ச்சி என்று நாங்கள் முணுமுணுத்தோம். நோவு இருக்கிறதா என்று அவர் முதலில் கேட்கமாட்டார். "வயல் வட்டைக்குள்ள இறங்கி வேல செய்யலாமா? குந்தி எழும்பலாமா?" என்றுதான் கேட்பார்.

கிளினிக்குக்கு வராதவர்களின் பெயருக்கு நேரே நான் "சுகம்" என்று எழுதிவிடுவேன். நோய் வருத்தம் இருந்தால் வராமலா விடுவார்கள்? ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, என்னையும் கரடியனாறு கிராமத்துக்குக் கூட்டிப்போனார். நான் கொப்பியில் சுகமாக்கிய விவசாயி பாயில் குப்புறப் படுத்திருந்தார். "வரத்தான் நினைச்சன் ஐயா. செக்பொயின்டில இடுப்புப் பட்டியக் கழட்டச் சொல்றானுகள். கழட்டினா நிக்க ஏலாது" என்றார். வெட்கத்தில் எனக்கு முகம் கொதித்தது. டொக்டர் ஏசவில்லை. திரும்பும் வழியில், "வராத ஆளப் பத்தி நமக்கு ஒண்டும் தெரியாது மிஸி" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு கொப்பி எங்களைப் பற்றியது. மாதம் ஒருமுறை வார்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும் இருத்திக் கேட்பார்: நித்திரை வருகிறதா, நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா, யாரிலாவது எரிந்து விழுந்தீர்களா. காயக்காரர் வந்து குவிந்த ஒரு நாளில், மகனைத் தேடி வந்த தாயொருத்தியை நான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். டொக்டர் எனக்குத் தேத்தண்ணி வருவித்துத் தந்து, "ஏசினது நீங்க இல்ல மிஸி, நாலு நாளா நித்திரை இல்லாத ஆள்" என்றார். அன்று அழுதுவிட்டேன். அப்படியொரு நல்ல மனிதர்.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கம் அவருடையது. "என்னையும் ஆராவது கேக்கணுமே. நீங்க கேளுங்க மிஸி" என்று என்னிடம் தந்தார். ஒரு டொக்டரிடம் போய் நித்திரை வருகிறதா என்று நான் கேட்பதா? வாய் வரவில்லை. மாதாமாதம் கேட்காமலே "சுகம்" என்று எழுதி வைத்தேன். இறப்பதற்கு முந்திய வாரம் சுவரில் கையூன்றி நின்றபடி, "இந்த மாசமும் கேக்கல்லியே" என்று சிரித்தார். கிளினிக்கில் சனம் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அது என்ன சிரிப்பு? பகிடியா? நெஞ்சு நோவைச் சொல்ல வந்தாரா, கொப்பியை ஒழுங்காக எழுது என்றாரா? எப்படி யோசித்தாலும் எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பாரா என்பதும் விளங்கவில்லை. சில நேரம் அவரில் கோபம் வருகிறது. பிறகு என்னில் வருகிறது.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய பக்கத்தில் நான் எழுதிய "சுகம்" ஒவ்வொன்றையும் கோடிழுத்து வெட்டி, "கேட்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் உங்களில் யாராவது ஒருநாளாவது அவரிடம் கேட்டிருந்தால், என்ன சொன்னார் என்று எனக்கு வந்து சொல்லுங்கள்.