இருளாயி கும்பிட்ட குழாய்

பூமிக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் அரசாங்க நில ஆய்வு ஆபீசில் அப்பாவுவின் வேலை. எழுபதுகளில் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, ரப்பர் பால்மரங்களை விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து, சிலிபினில் வாடகைக்குக் குடியேறியவர் அவர்.

தஞ்சோங் ரம்புத்தான் போகும் வழியில் ஒரு பழைய ஈயலம்பத்தை, ஈயம் தோண்டிய சுரங்கப் பள்ளத்தை, மணல் கொட்டி மூடி, வீடுகள் கட்டியிருந்தார்கள். பள்ளத்தை மூடினால் நிலம். நிலத்துக்குக் கயிறு பிடித்தால் மனை. மனைக்குப் பூப்பெயர் வைத்தால் தாமான், குடியிருப்பு. அடியில் சுண்ணாம்புப் பாறை பொந்து பொந்தாக இருப்பதை விளம்பரப் பலகையில் எழுத இடம் போதவில்லை. பக்கத்து லம்பத்தில் தண்ணீரை இறைத்தபடி இன்னும் பம்பு ஓடியது. அடித்தண்ணீர் மிகவும் இறங்கினால் மேல்மண் உள்வாங்கிவிடும். அதைக் கண்காணிக்கவே ஆங்காங்கே இரும்புக் குழாய் இறக்கியிருந்தார்கள். மாதந்தோறும் அப்பாவு அதற்குள் அளவு நாடாவை விடுவார். கூட வரும் பெர்னார்ட் அளவைக் குறித்துக்கொள்வான்.

அதில் ஒரு குழாய் அப்பாவுவின் தங்கை இருளாயி வீட்டுப் பின்புறம் நின்றது. புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு, தோட்டத்தில் கொடுத்த பணத்தையும் தாலிக்கொடியையும் போட்டு அவள் வாங்கிய வீடு. துருப்பிடிக்காமலிருக்கக் குழாய்க்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். தனியாக, நிமிர்ந்து, சிவப்பாக ஒன்று நின்றால் தோட்டத்துச் சனங்களின் கை தானாகக் குவியும். இருளாயி முதலில் திருநீறு பூசினாள். அடுத்து மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு சூலம். தோட்டத்து லயத்தில் விட்டுவந்த முனியாண்டி தன்னைத் தேடி வந்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் மூடியைத் திறந்து பாலும் மஞ்சள் நீரும் திருநீறும் உள்ளே ஊற்றினாள். சாமிக்கு அதுதானே வாய்?

அந்தக் குழாயில் நாடாவின் நுனி மஞ்சளாகவே வரும். அப்பாவு அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. குழாய்களில் தண்ணீர் ஒவ்வொன்றாக இறங்கியது. பக்கத்து மலையடியில் எப்போதும் வழியும் ஊற்றும் நின்று, பாறையில் ஈரத்தடம் மட்டும் மிஞ்சியது.

“எல்லாம் இறங்கிருச்சுண்ணே. ஒங்க தங்கச்சி சாமி மட்டும் அசைய மாட்டேங்குறாரு லா,” என்றான் பெர்னார்ட்.

“கிண்டல் பண்ணாத லா. வேதக்காரங்க நீங்க மட்டும் மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தல?”

“கொளுத்துறோம். மெழுக மாதா வாயில ஊத்துறதில்லயே.”

அப்பாவுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊற்றே நின்றுவிட்டபோது இந்தக் குழாயில் மட்டும் தண்ணீர் எப்படி நிற்கும்? பாலும் திருநீறும் இறுகி, குழாயின் அடித் துளைகளை அடைத்துவிட்டிருந்தன. உள்ளே நின்றது நிலத்துத் தண்ணீரில்லை, பழைய அபிஷேகத் தண்ணீர். அந்த ஒரு குழாயைப் பார்த்துத்தான் ஆபீசில் அந்த வரிசை வீடுகளுக்கு ஆபத்தில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதிகாரிகளுக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று யார் சொன்னது?

மறுநாள் காற்றடிக்கும் இயந்திரத்தோடு போனார்கள். இருளாயி குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“கைய வச்சே, அப்புறம் நீ எனக்கு அண்ணனும் இல்ல, நான் ஒனக்குத் தங்கச்சியும் இல்ல!”

“தள்ளிக்க ஆத்தா. சாமிய ஒண்ணும் செய்யல. அடைப்பத்தான் எடுக்குறோம்.”

“வூடு வாசல காக்குறவரு அவரு. அவரு வாயில ரப்பர் குழாய உடுவியா?”

அப்பாவு செருப்பைக் கழற்றினார். மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு காற்றை உள்ளே விட்டார். புளித்த பாலும் மஞ்சள் சேறும் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தன. தேங்கியிருந்த தண்ணீர் களகளவென்று கீழே வடிந்தது. நாடாவை இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது.

“தண்ணி எங்கண்ணே?” என்றாள் இருளாயி.

“காணோம்.”

அன்றே அந்த வரிசையைக் காலி செய்தார்கள். இருளாயி ஒரு டிரங்குப் பெட்டியோடு சிலிபினில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில், அவளுடைய குசினி அடுப்போடு மண்ணுக்குள் போனது. உள்ளே யாருமில்லை. முனி கோபித்துக்கொண்டு போனதால் வந்த வினை என்றார்கள் அக்கம்பக்கத்தார். இயற்கையின் சீற்றம் என்றது ஆபீஸ். யார்மீதும் பழி விழாதபடி இரு தரப்பும் பார்த்துக்கொண்டன.

வீடு போனதற்கு இருளாயி அழவில்லை. அண்ணனோடு பேசவுமில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நாடால மஞ்ச ஒட்டுறது ஒனக்கு முன்னமே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“ஒனக்குன்னு இருந்தது அவரு ஒருத்தருதானே, ஆத்தா. நான் எப்படி அதுல கைய வைக்கிறது?”

இருளாயி கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு நீ இருந்தியேண்ணே.”

அப்பாவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.