வழியில் விட்டு வந்த மாலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் தம்பியின் கல்யாணத்தன்று நடந்தது இது. கோலசிலாங்கூர் கோயிலில் தாலிகட்டு முடிந்து, மணமக்களைப் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. வாடகைக்குப் பெரிய கார் எடுக்கலாம் என்றார்கள். என் தம்பி என் காரில்தான் வருவான் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். ரிப்பன் கட்டியபின் அந்தச் சின்னக் காரும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பின்சீட்டில் தம்பியும் புதுப்பெண்ணும். என் பக்கத்தில் பெரியம்மா, மடியில் பழத்தட்டோடு. ஆரத்தி கரைக்க அம்மா முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் சம்பிரதாயம் என்றால் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை கழுத்து மாலை இறங்கவே கூடாது என்று கோயிலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். நிச்சயமான நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தேறாது. இவளோடு எப்படிப் பழகப் போகிறோமோ என்று எனக்குள் ஒரு கவலை இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தேனீ ஆகாது. ஒருமுறை கொட்டியதில் தொண்டை அடைத்து, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அடுத்த முறை இன்னும் மோசமாகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதற்கான மருந்து எப்போதும் கைப்பையில் இருக்கும். அன்று பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக வேறு பை எடுத்ததில், மருந்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பனம்பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. காருக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டபோது ஏர்கோன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பெண்ணின் மாலைக்குள்ளிருந்து கிளம்பிய தேனீ, முன்கண்ணாடியில் முட்டித் திரும்பி, என் இடது தோளில் வந்து உட்கார்ந்தது.

திடீரென்று பிரேக் பிடித்தால் லோரி எங்கள்மேல் ஏறிவிடும். என் தம்பி வேறு, "அக்காவுக்குத் தேனீ ஆவாது, மூச்சு நின்னுரும்" என்று கத்திக்கொண்டே துண்டை ஓங்கிவிட்டான். புதுப்பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க. அடிச்சா கொட்டிரும்" என்றவள் என் பக்கம் குனிந்தாள். "அண்ணி, நீங்க ரோட்ட மட்டும் பாருங்க. சிக்னல் போட்டு மெதுவா ஓரங்கட்டுங்க லா."

அடுப்பில் பால் பொங்குகிறது, கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்வது போன்ற குரல். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் சிக்னல் போட்டேன்.

அதற்குள் அவள் மாலையைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "கழட்டாதம்மா, இன்னும் வூடு போய்ச் சேரல" என்று பெரியம்மா பதறினார்.

"மன்னிச்சிருங்க பெரியம்மா" என்றாள். கை மட்டும் நிற்கவில்லை.

காரை நிறுத்தினேன். தேனீ என் கழுத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. புதுப்பெண் இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை நீட்டி, மாலையை என் தோளோடு சேர்த்து வைத்தாள். பூ சில்லென்று பட்டது.

"பூவுல ஏறிருச்சு அண்ணி."

மெல்ல இறங்கிப் போய் மாலையைப் புல்லில் வைத்தாள். அதிலிருந்து இன்னும் இரண்டு தேனீக்கள் கிளம்பின. இனி அதை எடுத்துக் கழுத்தில் போட முடியாது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். நல்ல நாளில் அழாதே என்று பெரியம்மா சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலை மட்டும் நீட்டினார்.

மறுபடி காரைக் கிளப்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு நிதானமாக இருந்த பெண்ணின் முகம் அப்போதுதான் வெளுத்திருந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், மாலை இல்லாமல் புகுந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் அம்மாவின் கண் நேராக அவள் கழுத்துக்குத்தான் போனது. "மாலை எங்க?" என்றார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா பழத்தட்டோடு முன்னால் வந்து நின்றார்.

"நாந்தான் கழட்டச் சொன்னேன். ஒம் மவ உசுரு போயிருக்கும், இந்தப் புள்ளதான் காப்பாத்துச்சு. மொதல்ல ஆரத்திய எடு, வெயில்ல நிக்குது பாரு."

பெரியம்மாவே சொன்னபிறகு யார் என்ன பேச முடியும்? ஆரத்தி சுற்றினார்கள். அந்தப் பெண் பெரியம்மாவைப் பார்த்துக் கண்கலங்கினாள். நானும்தான்.

எனக்காக ஒருத்தி அன்று தன் கல்யாண மாலையையே விட்டாள், அவளுக்காகப் பெரியம்மா தன் பேச்சையே விட்டுக்கொடுத்தார். வீட்டில் எதற்காவது நான் பிடிவாதமாக நிற்கும்போதெல்லாம் அந்த இருவரும் நினைவுக்கு வர, என் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது.