நெல்லில் வழுக்கிய ஸ்கூட்டியும் காக்காவின் இங்கிலீஷும்

வீடு கல்முனையில். நான் இங்கிலீஷ் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் சவளக்கடைப் பக்கம். போன அறுவடைக் காலத்தில் பள்ளி விட்டு வரும்போது ஸ்கூட்டியோடு விழுந்தேன். அந்த நாட்களில் தார் ரோட்டில் பாதி, நெல் காயப்போடும் களம்தான். எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு வழிவிட்டு நெல்லின் மேல் ஏறியவள், பயத்தில் பிரேக்கை அழுத்திவிட்டேன். முன்சில்லு வழுக்கியது. மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. நெல்லுக்காரர் முதலில் என்னைத் தூக்கிவிட்டு, பிறகுதான் நெல்லைப் பார்த்தார். நல்ல மனிதர்.

விழுந்த வலியை விட, பார்க்க வந்தவர்களின் கதைதான் தாங்க முடியாமல் இருந்தது. ஆண்பிள்ளை விழுந்தால் ரோட்டில் பிழை சொல்வார்கள். நான் விழுந்ததற்கு, பொம்பிளைக்கு ஸ்கூட்டி எதற்கு என்றார்கள். பல வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்த என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுபவர், ஸ்கூட்டிச் சாவியை எடுத்துத் தன் பொக்கெட்டில் போட்டுக்கொண்டார். வந்தவர்களிடம் என் கைக்கட்டைக் காட்டி இங்கிலீஷில் ஒரே வசனம்: "ஷி லேர்ன்ட் ஹெர் லெசன்." பட்டுத் திருந்திவிட்டேனாம். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசனத்தை, என் வீட்டு விறாந்தையில் வைத்து என்மீதே எறிந்தால் எரிச்சல் வராதா?

கட்டு அவிழ்த்தபோது விஷயம் இன்னும் முற்றியிருந்தது. வீட்டுக்கு அருகே ஒரு பள்ளிக்கு என்னை மாற்றிவிட, காக்கா யாரிடமோ கதைக்கத் தொடங்கியிருந்தார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சவளக்கடைப் பள்ளியில் இங்கிலீஷுக்கு நான் ஒருத்திதான். பஸ் மாறிப் போனால் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். சாவி போனால் பள்ளிக்கூடமும் போய்விடும்.

மறுநாள் காலையில் உடுத்திக்கொண்டு காக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"சாவியத் தாங்க காக்கா."

"நீ இன்னும் பாடம் படிக்கல்லியா?"

"படிச்சிட்டன். நெல்லுக்கு மேல ஏறினா பிரேக் புடிக்கப்படாது, மெதுவா நேர போகணும். விழுந்தது நான், படிச்சதும் நான். ஊட்டுல குந்து எண்டு அந்த ரோட்டு எனக்குச் சொல்லித் தரல்ல. அது நீங்க எழுதின பாடம்."

ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். ஊர் ஏற்கனவே வந்து, சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விட்டது என்றேன். நீட்டிய கையை மடக்கவில்லை. இன்னும் வீக்கம் முழுதாக வற்றாத கை. காக்கா அதைப் பார்த்துவிட்டு, சாவியை அதில் வைத்தார். நன்றி சொல்லவில்லை. என் சாவியை வாங்க எதற்கு நன்றி?

அன்றும் ரோட்டில் நெல் கிடந்தது. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே ஓட்டிப்போய், மணி அடிக்க முன் வகுப்பில் நின்றேன்.