குளிர் என்று சொல்லாத வாடிக்கையாளர்கள்

குளிர் உடுப்பை வாடகைக்குக் கொடுக்கிற தொழிலில், பொருள் கிழிந்து திரும்பி வருவதைத் தாங்கிக்கொள்ளலாம், போட்டுக்கொண்டு போனவர் எப்படித் திரும்புவார் என்ற கவலையைத்தான் தாங்க முடியாது. குடையை இரவல் கொடுத்துவிட்டு மழையில் நின்றவர்களும், கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்து மூடியில்லாமல் திரும்ப வாங்கியவர்களும் என் கஷ்டத்தை ஓரளவு அறிவீர்கள். ஆனால் குளிருக்கு உடுப்பு எடுக்க வந்துவிட்டு, குளிர் என்ற சொல்லையே சொல்ல மறுக்கிற ஆட்களோடு நீங்கள் வியாபாரம் செய்திருக்க மாட்டீர்கள்.

என் கடை இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது. மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர், கோட்டு, குரங்குத் தொப்பி, கம்பளி, முதுகில் மாட்டும் பை எல்லாம் கொடுப்பேன். கூடவே ஒரு தினசரிக்குப் பிரதேசச் செய்தி எழுதுவேன். மலைக்குப் போகிற பாதைகளில் எங்கள் இரத்தினபுரிப் பாதைதான் நீளம். பலாபத்தலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காடு, அட்டை, கல் படி, மறுபடியும் காடு. அடிவாரத்தில் வேர்வை வழிய நிற்கிற ஆள் உச்சியில் பல் கிட்டிப்போய் நிற்பார். இங்கே எழுதுவதெல்லாம் ஒரு தை மாதத்தில் ஒரு குழுவைத் தயார்படுத்தியபோது நடந்தவை. சமாதானப் பேச்சு முறிந்து, ரோட்டோரம் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்திருந்த நேரம் அது.

நாலு சொல்

நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பெருமாள் கங்காணி வந்தார். மலைக்குக் குழுவைக் கூட்டிப் போகிற தலைவரைச் சிங்களத்தில் நடேகுரா என்பார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். பெருமாள் அந்தத் தோட்டத்து நடேகுரா. மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்ந்துகொண்ட நாளிலிருந்து மலையை விட்டு இறங்கும்வரை அவர் குழுவில் யாரும் குளிர், களைப்பு, தூரம், வலி என்ற நாலையும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னவர் நிற்கிற இடத்திலிருந்தே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அடுத்த பருவத்தில் புதிதாகக் காசு முடியலாம். முந்தின வருஷம் தன் சொந்த மைத்துனரையே பாதி வழியில் திருப்பி அனுப்பியவர் என்பதால் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது இந்தச் சட்டம் தெரியாது. “இந்த மாசம் மேல குளிர் கூட, கங்காணி. ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுங்க” என்றேன். கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். பெருமாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“காத்து கொஞ்சம் வீசும்னு சொல்லுங்க, முதலாளி, போதும். ஒங்க வாய்க்கு நாங்க காசு முடியல, ஆனா ஒங்க உடுப்பு எங்க கூட வருதுல்ல.”

பச்சை வேண்டாம்

வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்த கோட்டுகள் கொழும்பிலிருந்து மூட்டையாக வரும். அவற்றில் நல்ல கதகதப்பானவை எல்லாம் கரும்பச்சையாகவோ மண் நிறமாகவோ, ஏகப்பட்ட பாக்கெட்டோடுதான் இருக்கும். அந்த வருஷம் ஒரு தமிழன் கரும்பச்சைக் கோட்டோடு, முதுகில் பையோடு, இருட்டில் மலையேறப் போகிறேன் என்று சாவடியில் சொன்னால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெருமாள் அந்த அடுக்கைத் தொடவே இல்லை. ரோஸ், ஊதா, மஞ்சள் என்று பொறுக்கினார். டோர்ச்சுக்குள் இருக்கிற பேட்டரி தவிர ஒரு பேட்டரி கூட வேண்டாம் என்றார். மூட்டை கட்டக் கயிறு கூடாது, பழைய சேலைக் கிழிசல் போதும் என்றார். குளிரை எப்படிச் சமாளிப்பது என்பதை விட, பையைக் கொட்டிப் பார்த்தால் என்ன விழும் என்பதுதான் அவருடைய யோசனை.

குழுவில் ஒரு கொழுந்து லொறி டிரைவர் இருந்தான். மீசை வைத்த ஆள். நெஞ்சில் பெரிய பூப் போட்ட பொம்பளைக் கோட்டைக் கொடுத்ததும், இதைப் போடுவதைவிட லயத்து வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று முறைத்தான். பெருமாள் தானே அதை அவனுக்குப் போட்டு, கழுத்து வரை பொத்தானை மாட்டிவிட்டார்.

“சாவடிக்காரன் பூவப் பாத்தா சிரிப்பான். சிரிச்சவன் சட்டுனு துப்பாக்கியத் தூக்க மாட்டான்டா.”

முன்னால் நின்று

மறுநாள் செல்வராணியும் அவள் புருஷன் முத்தையாவும் வந்தார்கள். அவள் அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, பொலிஸ் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பல மாதம் உள்ளே வைத்திருந்து, கேஸ் எதுவும் இல்லை என்று தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். ஆள் உயிரோடு வந்தால் இரண்டு பேருமாக எங்கள் பாதை வழியாகவே மலையேறுகிறோம் என்று செல்வராணி நேர்ந்திருந்தாள். ஒருவர் மட்டும் போனால் அந்த நேர்த்தி கணக்கில் வராது. இதையெல்லாம் அவள்தான் சொன்னாள். முத்தையா வீட்டுக்கு வந்ததிலிருந்து பேச்சே இல்லையாம். கேட்டால் தலையசைப்பாராம்.

அவருக்கு ஒரு ஊதாக் கோட்டை எடுத்துக்கொண்டு போய், வழக்கம்போலப் பின்னாலிருந்து தோளில் வைத்து அளவு பார்த்தேன். கை பட்டதும் அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, சுவரோடு நெற்றி ஒட்ட நின்றார். கால்களைத் தானாகவே அகட்டி வைத்துக்கொண்டார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் தொப்பிகளைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்கள். செல்வராணி அவசரப்படாமல் வந்து, அவருடைய கைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டாள்.

“அவருக்கு முன்னால நின்னு போடுங்க, முதலாளி.”

உள் பாக்கெட்

மாடிப்படி ஏறும்போதே அவள் இரண்டு இடத்தில் நின்றதை நான் கவனித்திருந்தேன். கோட்டு எடுக்கும்போதும் அவள் கனத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் கையை விட்டு, நெஞ்சுப் பக்கம் உள்ளே பாக்கெட் இருக்கிறதா, பொத்தானைக் கழற்றாமல் விரல் எட்டுகிறதா என்றுதான் தேடினாள். நான் கணக்கெழுதக் குனிந்திருந்த சமயம் பார்த்து, சேலை முடிச்சிலிருந்து ஒரு நீல நிறப் பம்பை எடுத்து அந்தப் பாக்கெட்டில் வைத்துப் பார்த்தது என் ஓரக்கண்ணில் பட்டது. வீசிங் உள்ளவர்கள் வாயில் வைத்து இழுக்கிற பம்ப். அதை ஒளித்தாலும், அவள் பக்கத்தில் நின்றாலே நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது கேட்டது.

“டிஸ்பென்சரியில காட்டினீங்களா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“மூச்சுக்கு.”

“ஒங்க படிக்கட்டுல தூசி. கூட்டுறதே இல்ல போல.”

“நான் படிக்கட்டைக் கேக்கல. மேல ஏற ஏற காத்தே மெலிஞ்சு போகும். பக்கத்துல டாக்டர் இல்ல. பாதி வழியில இழுத்துச்சுன்னா தூக்கிட்டு இறங்கவே அரை நாள் ஆகும்.”

முத்தையா ஜன்னலருகே நின்று பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவள் குரலை இறக்கினாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. நடேகுராகிட்ட எதையாவது சொல்லி எங்கள எறக்கிவிட்டுராதீங்க. அவரு வந்துட்டாரு, நான் இன்னும் போகல. அதுதான் எனக்கு உள்ளுக்குள்ள அடைக்குது.”

சொல்ல வந்தீங்களா

பத்திரிகைக்கு நான் அனுப்பும் செய்திகளில் ஒன்று பருவம் தவறாமல் வரும். மலையேறச் சென்றவர் மூச்சுத் திணறி உயிரிழப்பு. ஊர், வயது, பிரேதப் பரிசோதனை நடந்த ஆஸ்பத்திரி. நாலு வரிக்கு மேல் போட மாட்டார்கள். அதுவரை அந்த நாலு வரியில் வந்த யாருக்கும் நான் கோட்டு அளவெடுத்ததில்லை.

டோர்ச் எண்ணிக்கை சரி பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு, நிவித்திகல பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனேன். பெருமாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தார். கொஞ்சம் தள்ளி, முதுகில் கூடையோடு வரிசையில் செல்வராணி. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். தராசுக்கு வந்து சேரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

“குழுவுல யாருக்காச்சும் உடம்புக்கு ஏதும்…” என்று ஆரம்பித்தேன்.

“காசு முடியும்போதே எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. நல்லாத்தான் இருக்கோம்னாங்க. அதுக்கு மேல நான் யார் நெஞ்சத் தொறந்து பாக்குறது?”

“மறைச்சு வச்சிருந்தா?”

பெருமாள் தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரையாச்சும் சொல்ல வந்தீங்களா, முதலாளி?”

டோர்ச் எண்ணிக்கையைச் சரி பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பை தூக்கிப் பார்த்தல்

புறப்படுவதற்கு முந்தின நாள் குழு முழுவதும் என் கடைக்கு வந்து பை கட்டியது. காலுறைக்குள் அட்டை ஏறாமல் இருக்கச் சவர்க்காரம் தேய்த்தார்கள். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், உப்புப் பொட்டலம், மழைக்குப் பொலித்தீன், மாற்றுத் துணி. கனமானது முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், கம்பளி அடியில் போக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, பெருமாள் ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். செல்வராணியின் பையைத் தூக்கியவர் உடனே கீழே வைத்தார்.

“ரெண்டு பேரு சாமானும் இதுலயா? முத்தையா என்னத்தச் சொமக்கிறான்?”

“ஆம்பள கையில பை இருந்தாத்தான் மொதல்ல எறக்கிக் கொட்டச் சொல்றாங்க” என்றாள் அவள். “அவரு கொட்டி அடுக்கினது போதும், நடேகுரா. எனக்கு இது கூடை கனம்தான்.”

பையை மறுபடி கட்ட அவள் குனிந்தபோது, மடித்து வைத்திருந்த கோட்டிலிருந்து நீலப் பம்ப் நழுவித் தரையில் உருண்டது. பெருமாள் அடுத்த பைக்குத் திரும்பியிருந்தார். முத்தையா ஒரு எட்டு எடுத்து வைத்து, கையிலிருந்த குரங்குத் தொப்பியை அதன் மேல் போட்டார். தொப்பியோடு சேர்த்து அள்ளி, அவளுடைய கோட்டின் உள் பாக்கெட்டுக்குள் செருகினார். எந்தப் பாக்கெட் என்று அவர் தேடவே இல்லை. செல்வராணி அவர் முகத்தையே பார்த்தாள்.

“என்ன விழுந்துச்சு?” என்றார் பெருமாள், திரும்பாமல்.

“டோர்ச் லைட்டு, நடேகுரா” என்றாள் செல்வராணி.

பஸ் ஏறும் நேரம்

மறுநாள் நடுப்பகல். இரத்தினபுரி வெயிலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். பையின் வார்களைக் கடைசியாக இழுத்துப் பார்க்கலாம் என்று நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். உண்மையில் செல்வராணி எப்படி ஏறுகிறாள் என்று பார்க்கத்தான் போனேன். ஏறினாள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி மூச்சை ஒளித்துக்கொண்டிருந்தாள். பெருமாள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். டிரைவர் எஞ்சினைப் போட்டார். முத்தையா மட்டும் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

“எனக்குக் குளிருது” என்றார்.

பெருமாளுக்குக் கேட்டது. ஆனாலும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். “காத்து வீசுதுன்னு சொல்லு, முத்தையா.”

“காத்து இல்ல, நடேகுரா. குளிருது.” குரல் கரகரத்தது. அவர் விடவில்லை. “களைப்பா இருக்கு. ரொம்ப தூரம். வலிக்குது.”

ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்தினார். பெருமாள் முத்தையாவைப் பார்த்தார். பிறகு செல்வராணியைப் பார்த்தார். அவள் எழுந்து, பையை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே வந்ததும் நிற்க முடியாமல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, பம்பை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் வைத்து இழுத்தாள். பூக்கோட்டு டிரைவர் ஜன்னல் வழியாகத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். பஸ் நகரும்போது பெருமாள் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்.

“அடுத்த வருஷம் காசு முடிய வரும்போது அந்த மருந்தையும் காட்டு, தங்கச்சி. அத சொமக்க ஆளு இருக்கு.”

பஸ் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மூச்சு அடங்கியதும் புருஷனைப் பார்த்து ஆரம்பித்தாள். “தீவாளியிலருந்து வாயத் தொறக்காத மனுஷன். தொறந்ததும் இதத்தான் சொல்லணுமா? நாலையுமா சொல்லணும்? ஒண்ணு சொன்னா பத்தாதா?” முத்தையா குனிந்து அந்தக் கனத்த பையைத் தூக்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு, வார்களை இழுத்துச் சரி செய்தார். நிவித்திகல பஸ் நிற்கிற இடத்துக்குச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். செல்வராணி பையைப் பிடித்து இழுத்தாள். “குடுங்க இங்க. அங்க கொட்டச் சொல்லுவாங்க.”

“கொட்டட்டும்” என்றார் அவர். “எனக்கு அடுக்கத் தெரியும்.”

இத்தனை வருஷம் குளிர் உடுப்புக் கடை நடத்தியதில், குளிர்கிறது என்று என் எதிரே வாய்விட்டுச் சொன்ன ஒரே வாடிக்கையாளர், சொல்லும்போது வேர்த்துக்கொண்டுதான் நின்றார்.